திறந்து கிடந்த பை

என் ஒரே பிள்ளைக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே குளிர் வந்துவிட்டதா? இங்கே வந்துகொண்டிருக்கிறது. தெருவில் நிற்கிற மரம் எல்லாம் இலையைக் கொட்டுகிறது. கூட்டுகிறவள் முன்னால் கூட்டிக்கொண்டு போகப் போகப் பின்னாலேயே மறுபடி விழுகிறது. அவள் மரத்தைப் பார்த்து, இன்னும் எவ்வளவுதான் வைத்திருக்கிறாய், மொத்தமாகக் கொட்டித் தொலையேன் என்று திட்டுகிறாள். எனக்கு முழங்கால் வலி அதே கதைதான். கண் மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது.

போன வாரம் போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உன் பெண்டாட்டி எங்கே போகிறாள், எப்போது வருகிறாள் என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். போனில் சொன்னால் அவள் காதில் விழும், எழுதி அனுப்பு என்றாய். என்னிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா? துணி ஆலை வாசலில் நின்று, வேலை முடிந்து போகிற பெண்களின் பையைத் துழாவித் துழாவியே உன்னை வளர்த்தவள் நான். தோளில் பை தொங்குகிற விதத்தைப் பார்த்தே, உள்ளே சாப்பாட்டு டப்பா மட்டும்தானா, அடியில் துணியும் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். சூப்பர்வைசர் எனக்கு எக்ஸ்ரே என்றே பெயர் வைத்திருந்தார். ஆகவே ஒரு வாரம் பார்த்து அன்றன்றைக்கு எழுதுகிறேன். எழுதியதைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொள்கிறேன். உறை மாற்றுகிறேன் என்று அவள் வந்தால் நானே மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஒன்று. நீ போன் பண்ணுகிற நேரம் பார்த்து அவள் துணி காயப்போடப் போய்விடுகிறாள். நான் கவனித்துவிட்டேன். புருஷன் தூரதேசத்திலிருந்து பேசும்போது எவளாவது ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவாளா? கூப்பிட்டால், நீங்க பேசுங்க அத்தை, நான் அப்புறம் பேசிக்கறேன் என்கிறாள். அந்த அப்புறம் எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஹீட்டர் சரிபார்க்க ஆள் வந்தான். ஒவ்வொரு வருஷமும் குளிருக்கு முன்னால் வருவானே, அதே ஒல்லிப்பிச்சான்தான். எப்போதும் அவள்தான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வாள். நான் ஹாலில் உட்கார்ந்து அவன் தரையில் செருப்புக் காலோடு நடக்கிறானா என்று பார்ப்பேன். இந்தத் தடவை என்ன செய்தாள் தெரியுமா? என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஹீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். எந்தக் குமிழைத் திருப்ப வேண்டும், சத்தம் மாறினால் என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றையும் என்னிடமே சொல்லும்படி அவனிடம் சொன்னாள். அவன் ஒருமுறை சொன்னது போதாதென்று என்னையே திருப்பிக் காட்டச் சொன்னாள். நான் என்ன பரீட்சை எழுதப் போகிறேனா?

எனக்கு அப்போதே சுருக்கென்றது. ராத்திரி எழுந்து ஹீட்டரைப் பார்ப்பது அவள் வேலை. அதை நான் ஏன் படிக்க வேண்டும்? அந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கப் போகிறாள்?

அன்று மாலையே இன்னொன்று. என் மாத்திரை டப்பா மூடியில் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி, காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்கு நிலா என்று படம் வரைந்து வைத்திருக்கிறாள். சூரியனுக்குச் சிரித்த முகம் வேறு. அவள் நோக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது, மாத்திரை கூடத் தெரியவில்லை, படம் போட்டால்தான் விழுங்குகிறாள் என்று நாலு பேருக்குக் காட்டிவைத்துவிட்டால், நாளைக்கு நான் எதைச் சொன்னாலும் எவன் நம்புவான்? வெகு கெட்டிக்காரி. நான் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்துவிட்டேன்.

செவ்வாய் என் செருப்புக்கு அடிப்பாகம் மாற்றக் கொடுக்கப் போனேன். தெரு முனையில் ஒரு பெட்டிக்கடையில் செருப்பும் தைத்துச் சாவியும் போடுவாரே, அவரிடம். அவருக்கு வாய் நிற்காது, உனக்குத் தெரியும். பேச்சுவாக்கில், மருமகள் நேற்று வந்து வீட்டுச் சாவிக்கு நகல் போட்டுக்கொண்டு போனாள், தொலைத்துவிட்டீர்களா என்று என்னையே கேட்டார். நான் ஆமாம் ஆமாம் என்று சமாளித்தேன். வரும் வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நம் வீட்டில் இருப்பது நீ, நான், அவள். மூன்று பேருக்கும் சாவி இருக்கிறது. நாலாவது சாவி யாருக்கு?

வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காதது மாதிரி கனத்த திரைச்சீலைகளைப் பரணிலிருந்து இறக்கி உதறிக்கொண்டிருந்தாள். தூசியில் இருமினாள். அந்த இருமல் இன்னும் விடவில்லை, டாக்டரிடம் போ என்றால் போகவில்லை. சாவியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வாசலில் நிற்கிறவள் முன்கூட்டியே பிடித்துவிட்டால் பின்னால் இருப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். பை. அவள் வேலைக்குக் கொண்டுபோகிற பழுப்புத் தோள்பை உனக்கு நினைவிருக்கும். காலையில் போகும்போது அது தோளை இழுக்கிறது. நடக்கும்போது ஆடவே மாட்டேன் என்கிறது. சாயங்காலம் வரும்போது காற்றடைத்த பலூன் மாதிரி துள்ளிக்கொண்டு வருகிறது. கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடியைக் காதுக்கு உறுத்தாமல் வளைத்துக் கொடுக்கிறவளுக்கு என்ன அத்தனை சுமை? இந்த வீட்டிலிருந்து ஏதோ தினமும் வெளியே போகிறது.

அதோடு அவளுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வந்ததும் பையைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில், நான் உட்காருகிற இடத்துக்கு நேரே, ஜிப்பை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள். முன்பெல்லாம் ஆணியில் மாட்டுவாள். காலையில் கிளம்பும் முன்பும் அப்படியே, திறந்த பையை நாற்காலியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போகிறாள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆலை வாசலில் இதை எத்தனை பேரிடம் பார்த்திருப்பேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே, பாருங்கக்கா பாருங்கக்கா என்று பையை விரித்துக் காட்டுகிறவள்தான் திருடிய துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருப்பாள். என்னிடமா?

புதன்கிழமை பின்னாலேயே போனேன். கோபித்துக்கொள்ளாதே, நீதான் பார்க்கச் சொன்னாய். வேலை அவளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான். ஆனால் இந்த வாரம் காலையிலேயே கிளம்பிவிடுகிறாள். கேட்டால் கடையில் வேலை அதிகம் என்கிறாள். ரொட்டி வாங்குகிறவள் மாதிரி ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் நடந்தேன். முழங்கால் என்னைச் சபித்தது. ஒரே ஒருமுறை அவள் நின்று திரும்பினாள். நான் பூட்டியிருந்த ஒரு கடையின் கண்ணாடியில் விலையைப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டேன். அது சவரக்கடை என்று அப்புறம்தான் பார்த்தேன்.

அவள் கடைக்குள் போகவில்லை. கடையை ஒட்டினாற்போல மாடிப்படி போகிறது, அதில் ஏறினாள். மேலே ஒரு ஜன்னல். அதில் ஓர் ஆணின் கைகள் தெரிந்தன. திரைச்சீலைக்குக் கம்பி பொருத்திக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை, ஆனால் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னலில் அவளுடைய நீலச் சால்வை தெரிந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொள்ள அவன் சுத்தியலால் தட்டினான். நான் தெருவில் நிற்கிறேன், தலைமேல் இலை விழுகிறது, எனக்கு அழுகை வருகிறதா ஆத்திரம் வருகிறதா என்றே தெரியவில்லை. என் பிள்ளை அங்கே ஒண்டியாக உழைக்கிறான், இவள் இங்கே இன்னொரு வீட்டுக்குத் திரை மாட்டுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ரொட்டி வாங்க மறந்துபோனேன்.

அன்று ராத்திரி அவள் பரிமாறியதைச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதையும் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை மாடி வீட்டம்மா வந்தாள். இத்தனை வருஷத்தில் மாடிப்படியில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. இப்போது கதவைத் தட்டி, தூங்கினீங்களா, முட்டி எப்படி இருக்கு, எதுவும் வேணும்னா சுவத்தைத் தட்டுங்க என்று அத்தனை கரிசனம். உன் பெண்டாட்டி அவளிடம் ஏதோ கொடுத்து வைத்திருக்கிறாள், இரண்டு பேரும் கூட்டு. அவள் போனதும் கதவைத் தாழ்போட்டேன்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நீ சந்தேகப்பட்டது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்குப் பையைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இதற்குக் கீழே எழுதுவது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்னால் எழுத முடியவில்லை.

வெள்ளி காலையில் அவள் கிளம்பும்போது நான் வாசற்கதவை மறித்துக்கொண்டு நின்றேன். பழைய வேலை கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. "பையத் திற" என்றேன்.

அவள் பையை மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். இரண்டு ஸ்வெட்டர். ஒரு சின்ன ரேடியோ. அவள் பள்ளிக்கூடத்தில் ஜெயித்து வாங்கிய கோப்பை. ஒரு தலையணை உறை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. எடுத்து வைக்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள், இது எங்கம்மா கொடுத்தது, இது கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, இந்தத் தட்டு கடையில் பரிசாகக் கொடுத்தது என்று. ஆலைப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதே குரலில்.

"இந்த வீட்டுது ஒண்ணுகூட இல்ல அத்தை. நீங்க பாக்கணும்னுதானே தினமும் திறந்து வச்சேன். பாக்கலையா?"

யார் உன்னை எடுத்துக்கொண்டு போகச் சொன்னது என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த வாரம் முழுக்க அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. அவர் அங்க இன்னொருத்தங்களோட இருக்காராம். குளிர் முடிஞ்சு கூட்டிட்டு வர்றாராம், அதுக்குள்ள நான் போயிடணும்னு சொன்னாரு. உங்ககிட்ட பேசிட்டாராம், உங்களுக்கும் சம்மதம்தானாம், ஆனா அம்மா முன்னாடி இந்தப் பேச்சை எடுக்காத, சங்கடப்படுவாங்கன்னாரு. அதான் நானும் எடுக்கல."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அறை கடைக்காரருடையது. மேலே சும்மா கிடந்ததை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். கம்பி மாட்டியதும் அவர்தான். அவருக்கு என் வயது இருக்கும். நாலாவது சாவி மாடி வீட்டம்மாவிடம் இருக்கிறது. நான் குளியலறையில் விழுந்து கிடந்தால் கதவைத் திறந்து பார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்று போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஹீட்டர் படிப்பு எதற்கு என்று உனக்கே இப்போது தெரிந்திருக்கும். புதிதாக வருகிறவளுக்கு என் மாத்திரை எது என்று தெரியாதே என்பதற்காகத்தான் சூரியனும் நிலாவும்.

டேய், நீ என்ன காரியம் செய்திருக்கிறாய்? உனக்கு இன்னொருத்தியைப் பிடித்துப்போய்விட்டது, அதை நான் தடுக்க முடியாது, நீ வளர்ந்த ஆள். ஆனால் அவளைப் போகச் சொல்லிவிட்டு, அவள் எங்கே போகிறாள் என்று பார்த்து எழுதச் சொல்லி என்னைக் காவலுக்கு வைத்தாயே, அது எதற்கு? நாளைக்கு நாலு பேர் கேட்டால், அவள் நடத்தை சரியில்லை, என் அம்மாவே கைப்பட எழுதியிருக்கிறாள் என்று காட்டவா? நீ போனில் இந்த வாரம் என்ன பேசினாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் எங்கே போனாள் என்று கேட்டாய். இருமல் விட்டதா என்று ஒரு தடவை கேட்கவில்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஊரார் பையையெல்லாம் துழாவினேன், பெற்ற பிள்ளையை மட்டும் அப்படியே உள்ளே விட்டுவிட்டேன்.

மேலே எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அப்படியே அனுப்புகிறேன். உன் பேச்சைக் கேட்டு உன் அம்மா என்னவாக ஆனாள் என்று நீயும் படி. ஆனால் இதில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து யாரிடமாவது காட்டினால், மற்றதை நானே வந்து படித்துக் காட்டுவேன். முழங்கால் இருந்தால் என்ன, போனால் என்ன.

நேற்று சாயங்காலம் அவள் வந்ததும் நான் தேநீர் போட்டு வைத்திருந்தேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல, அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள். ஆலை வாசலில் ஒருத்தியைச் சோதித்து ஒன்றும் இல்லையென்றால் போ என்று கையைக் காட்டுவோம், அவ்வளவுதான். மன்னித்துக்கொள் என்று சொல்கிற பழக்கம் அந்த வேலையில் கிடையாது. எப்படி ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாதம்மா, அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் சம்மதித்தேன் என்பது பச்சைப் பொய் என்று சொன்னேன். என் கண்மேல் சத்தியம் என்றேன்.

"சரி அத்தை. விடுங்க" என்றாள்.

அவள் கடையில் வாடிக்கையாளர்கள் சண்டை போடுவார்களாம், கண்ணாடியின் பவர் சரியாக இருந்தாலும் சரியில்லை என்று. அவர்களிடம் அவள் அந்தக் குரலில்தான் பேசுவாள், நானே கேட்டிருக்கிறேன். அவள் என்னை நம்பவில்லை. எப்படி நம்புவாள்? வாரம் முழுக்க அவள் என் பக்கம் வந்தபோதெல்லாம் நான் அவள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை ஒதுக்கினேன், வெந்நீரைத் தொடவில்லை. புதன்கிழமை சவரக்கடை முன்னால் நின்றதையும் அவள் பார்த்திருக்கிறாள். கேட்கவேயில்லை. நேற்றுதான், குளிர்ல அவ்வளவு தூரம் நடந்தீங்களே அத்தை, கால் வீங்கலையா என்று சொன்னாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

நானும் உன்னோடு அந்த அறைக்கே வந்துவிடுகிறேன் என்றும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அங்கே ஒரு கட்டில்தான் இருக்கிறது, படி ஏற உங்களால் முடியாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டாள். அங்கேயும் வேவு பார்க்க வருகிறேன் என்று நினைத்திருப்பாள். நினைத்தால் தப்பில்லை. இருந்துவிடம்மா என்றேன். இது அவர் வீடு அத்தை என்றாள். வீடு உன் பெயரில்தானே இருக்கிறது.

நாளைக்குக் காலையில் போகிறாள். இப்போது அடுப்படியில் என் வாரத்துச் சாமான்களை டப்பாவில் நிரப்பிக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது. இருமலும் கேட்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

நீ வருவதும் வராததும், யாரோடு வருவதும் உன் பாடு. திரும்பி வந்து அவளோடு குடித்தனம் நடத்து என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், ஒத்துக்கொள்ளவும் கூடாது. உன்னைச் சபிக்கவும் எனக்கு வாய் வரவில்லை. பெற்றுவிட்டேனே, என்ன செய்வது. எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு, நோய் நொடி இல்லாமல் இரு.

எனக்காக ஒன்றே ஒன்று செய். இதைப் படித்ததும் அவளுக்கு ஒரு போன் பண்ணு. கூடவே வேறு எதுவும் பேச வேண்டாம், சமாதானம் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அம்மாவுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு. நீ அவளிடம் இத்தனை பொய் சொல்லியிருக்கிறாய், எல்லாவற்றையும் நம்பினாள். நான் சொல்கிற உண்மை ஒன்றை நம்பமாட்டேன் என்கிறாள். அதனால் அது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், சொல்லிவிடப்பா.

இப்படிக்கு,
அம்மா